கரண்டி நழுவிய கை: மோட்டார் நியூரான் நோய்க்கு மூலிகை எதுவரை?

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் விடாமல் நடக்கிற காரியம். சாட்ஸ்வொர்த்தில் என் மாமா வீட்டில் ஒரு வருடம் கஞ்சி ஊற்றும்போது அவர் கையிலிருந்து கரண்டி இரண்டு முறை நழுவியது. வயதாகிவிட்டது என்று சொல்லிக் குனிந்து எடுத்தார். அப்போது அவருக்கு 58. அடுத்த தைப்பூசத்துக்குள் சட்டைப் பொத்தான் போட அத்தையைக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. தோளில் தோலுக்கு அடியில் தசை தானாகத் துடித்துக்கொண்டே இருந்தது. கழுத்தெலும்புத் தேய்வு என்றார்கள், சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றார்கள். கடைசியில் நரம்பியல் மருத்துவர் தசையில் ஊசி செருகி மின்சோதனை செய்து பார்த்துவிட்டு, மோட்டார் நியூரான் நோய் என்றார்.

அன்று இரவே மூன்று வீடுகளிலிருந்து தொலைபேசி வந்தது. மூன்றிலும் சேதி ஒன்றுதான்: "இந்தியாவில் ஆயுர்வேதத்தில் இதற்கு மருந்து இருக்கு, மாமி. கூட்டிட்டுப் போங்க."

மாமா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தத் தொலைபேசி அழைப்பு இப்போது வேறு வீடுகளுக்குப் போகிறது. இந்த நோய் வந்த குடும்பத்தார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்வது நியாயமில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. கையை உயர்த்த வேண்டும் என்று நினைத்தால், மூளையிலிருந்து ஒரு நரம்பணு தண்டுவடத்துக்குக் கட்டளையை இறக்குகிறது. அங்கிருந்து இன்னொரு நரம்பணு அதைத் தசைக்குக் கொண்டுபோகிறது. இந்த இரண்டு அடுக்கு அணுக்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதுதான் நோய். மேல் அடுக்கு சாகும்போது உடல் இறுகுகிறது. கீழ் அடுக்கு சாகும்போது தசை வற்றுகிறது, துடிக்கிறது. 1869இல் பிரான்ஸில் ழான் மார்ட்டின் ஷார்க்கோ இரண்டும் சேர்ந்து வரும் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். ஏஎல்எஸ் என்று அமெரிக்கர்கள் சொல்வது இந்த நோயின் பெரும்பான்மை வடிவத்தைத்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் இரண்டு பேருக்குப் புதிதாக வருகிறது. தொடு உணர்வும் கண்ணசைவும் பெரும்பாலும் தப்பிவிடும். பலருக்கு அறிவும் கடைசிவரை தெளிவாக இருக்கும். தன் உடல் போவதை மனிதன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் இதன் கொடுமை. அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலோருக்கு 2 முதல் 5 ஆண்டு. முடிவு வருவது அநேகமாக மூச்சுத் தசைகள் ஓய்வதால்.

பத்தில் ஒருவருக்குத்தான் பரம்பரைத் தொடர்பு தெரிகிறது. மற்றவர்களுக்கு ஏன் வந்தது என்று யாராலும் கைகாட்ட முடியாது. டிடிபி-43 என்ற புரதம் நரம்பணுவுக்குள் தன் இடத்தை விட்டு வெளியேறிக் கட்டிக்கொள்வதை 2006இல் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய எல்லா நோயாளிகளிலும் அது இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

தென்னாப்பிரிக்கர்களுக்கு இந்த நோயை அறிமுகப்படுத்தியவர் ரக்பி வீரர் யூஸ்ட் ஃபான் டெர் வெஸ்ட்ஹெய்சன். 1995இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். 2011இல் நோய் தெரிந்தது, 2017 பிப்ரவரியில் 45 வயதில் இறந்தார். இன்னொரு பக்கம் ஸ்டீபன் ஹாக்கிங் 21 வயதில் நோய் தெரிந்து 76 வரை வாழ்ந்தார். ஒரே பெயருள்ள நோயில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூலிகைக் கதைகள் பலவும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

வைத்தியர் என்ன பார்க்கிறார்

ஆயுர்வேத நூல்களில் இந்த நோய்க்கென்று தனிப் பெயர் இல்லை. வற்றல், துடிப்பு, இறுக்கம், பேச்சுக் குழறல், விழுங்கத் திணறல் எல்லாம் வாதத்தின் குணங்கள் என்பதால் வாதவியாதிக்குள் வைக்கிறார்கள். சரகர் வாத நோய்களை எண்பது என்று எண்ணுகிறார். நம் சித்த மரபில் யூகி முனிவர் பெயரில் வழங்கும் கணக்கும் எண்பதுதான். வறட்சி, லேசுத் தன்மை, குளிர்ச்சி, அலைவு ஆகியவை வாதத்தின் இயல்பு என்றால், அதற்கு எதிரான எண்ணெய்ப் பசை, கனம், சூடு, நிலைப்பு ஆகியவற்றைத் தருவது சிகிச்சை. அந்தக் கணக்கில் குழப்பமே கிடையாது.

ஆகவேதான் உள்ளுக்குச் சித்தாமுட்டி, அமுக்கரா, தண்ணீர்விட்டான் கிழங்கு, வல்லாரை, நீர்ப்பிரமி, சீந்தில். வெளியே க்ஷீரபலா, தன்வந்தரம், மகாநாராயணம் போன்ற தைலங்கள். ஞவரை அரிசியைப் பாலிலும் சித்தாமுட்டிக் கஷாயத்திலும் வேகவைத்துத் துணியில் கட்டி உடம்பில் ஒத்தி எடுக்கும் ஞவரக்கிழி. அதற்கு மேல் ஆசனவாய் வழியே மருந்து ஏற்றும் வஸ்தி, மூக்கில் மருந்து விடும் நஸ்யம், பேதி என்று பஞ்சகர்மச் சிகிச்சைகள். சில இடங்களில் பாதரசமும் உலோகப் பஸ்மமும் சேர்ந்த ரச மருந்துகள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆயுர்வேதம் எல்லா நோயும் தீரும் என்று சொல்லும் சாஸ்திரம் அல்ல. நோய்களை அது சாத்தியம், யாப்பியம், அசாத்தியம் என்று பிரிக்கிறது. சாத்தியம் தீரும். யாப்பியம் தீராது, பராமரித்துக்கொண்டே போகலாம். அசாத்தியத்தில் கைவைக்கும் வைத்தியனுக்குப் பொருளும் கல்வியும் புகழும் போகும், பழி வந்து சேரும் என்று சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் எச்சரிக்கிறது. ஆகவே, மோட்டார் நியூரான் நோயைக் குணமாக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் அலோபதியை மட்டும் மீறவில்லை, தன் சொந்த சாஸ்திரத்தையும் மீறுகிறார். நேர்மையான ஆயுர்வேத மருத்துவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இந்த நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வலியையும் இறுக்கத்தையும் குறைக்கப் பார்க்கிறேன், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றுதான் சொல்வார்கள்.

எலியில் பலித்தது

மூலிகையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகவும் என்னால் முடியாது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு நவீன மருத்துவம் தரும் அதே பொருள். அந்த விதையின் பொடி பார்க்கின்சன் நோயாளிகளின் விறைப்பைத் தளர்த்துவதை லண்டனில் சிறிய பரிசோதனை ஒன்றில் பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். நடுக்கமும் தளர்ச்சியும் உள்ள இரண்டு நோய்களையும் நம் ஆட்கள் சேர்த்துக் குழப்பிக்கொள்வதுண்டு. "பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நரம்பு நோய், பொடியில் சரியானது" என்றால் முதலில் அந்த அண்ணனுக்கு என்ன நோய் என்று கேளுங்கள். பார்க்கின்சனில் குறைவது டோபமின் என்ற ஒரு பொருள். அதைத் திரும்ப ஊற்றலாம். மோட்டார் நியூரான் நோயில் ஊற்றுவதற்கு எதுவும் குறையவில்லை. அணுவே இறந்துகொண்டிருக்கிறது.

அமுக்கராவின் நிலை இன்னும் சுவாரசியமானது. கனடாவில் கியூபெக் நகரத்து லாவல் பல்கலைக்கழகத்தில் ழான் பியர் ஜூலியன் குழுவினர், அமுக்கராவிலிருந்து எடுத்த விதாஃபெரின் என்ற பொருளை இந்த நோய் ஏற்றப்பட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சி குறைந்தது, எலிகளின் இயக்கம் மேம்பட்டது. 2011 முதல் இந்தக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. "விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்" என்று பரவும் செய்திகளின் வேர் இதுதான். செய்தி பொய்யில்லை, பாதி.

ஏனென்றால் இந்த நோயில் எலியை நம்பி மனிதன் ஏமாந்த கதை நீளமானது. அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிறுவனம், எலியில் பலித்ததாக முன்பு வந்தவை உட்பட 70க்கும் மேற்பட்ட மருந்துகளை ஆயிரக்கணக்கான எலிகளில் கவனமாகத் திரும்பச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டது. எதுவும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு இத்தாலியிலிருந்து லித்தியம் இந்த நோயைத் தடுக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்க நோயாளிகள் லித்தியம் வாங்கி விழுங்கினார்கள். பின்னால் வந்த பெரிய பரிசோதனைகள் எல்லாம் இல்லை என்றன. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு கூட்டு மருந்து, அடுத்த கட்டப் பரிசோதனையில் தோற்றதும் 2024இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

நவீன மருத்துவமும் தோற்கிறது, அதைவிட மோசமாகவே தோற்றிருக்கிறது. வித்தியாசம் ஒன்று: தோற்றதை எண்ணி, எழுதி, மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அப்படி எண்ணப்பட்ட முறையான பரிசோதனையில் மனிதர்களிடம் இந்த நோயின் ஓட்டத்தைத் தடுத்ததாக நிரூபணமான ஆயுர்வேத மூலிகை இன்று ஒன்றுகூட இல்லை. நாளை வரலாம். வந்தால் முதலில் மகிழ்கிறவர்களில் நானும் இருப்பேன்.

அப்படியானால் குணமானவர்கள்?

இருக்கிறார்கள். நான் அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன்.

இந்த நோய் ஒரே சரிவாக இறங்குவதில்லை. படிக்கட்டுபோல் இறங்கும், சில படிகளில் நிற்கும். பழைய பரிசோதனைகளில் கலந்துகொண்ட ஆயிரக்கணக்கான நோயாளிகளின் தரவைத் தொகுத்து 2016இல் வந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஆறு மாதக் காலத்தில் சரியாமல் நின்றார்கள் என்று காட்டியது. ஓர் ஆண்டு முழுக்க நின்றவர்கள் 16 விழுக்காடு. இழந்ததில் குறிப்பிடத்தக்க அளவைத் திரும்பப் பெற்று ஓராண்டாவது அப்படியே இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் அப்படிச் சிலர் உண்டு. இப்போது யோசியுங்கள். நான்கு பேர் ஆறு மாத மூலிகை மருந்து சாப்பிட்டால், மருந்தில் வெறும் தவிடு இருந்தாலும், ஒருவர் "நின்றுவிட்டது" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. அவர் உண்மையைத்தான் சொல்கிறார். நம் காதுக்கு வருவதும் அவர் குரல்தான். மற்ற மூன்று வீடுகளிலிருந்து யாரும் போன் செய்வதில்லை.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பெட்லாக் என்ற மருத்துவர், திரும்பி வந்த நோயாளிகளைத் தேடித்தேடிப் பதிவு செய்கிறார். மாற்று மருத்துவம் என்று அவர் யாரையும் தள்ளுவதில்லை. சோயாவில் இருந்து வரும் லூனசின் என்ற பொருளைச் சாப்பிட்ட ஒருவர் வியக்கத்தக்க அளவு தேறியதைப் பார்த்து, அதையே 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை. அந்த ஒருவர் தேறியது உண்மை. லூனசினால் தேறினார் என்பது உண்மையாகவில்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது. அது தமிழர்களுக்கு மிக நெருக்கமானது, ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாது. 1970இல் மெட்ராஸில் மீனாட்சிசுந்தரமும் ஜகந்நாதனும் பி. ராமமூர்த்தியும், இளவயதில் வரும் ஒரு தனிவகை மோட்டார் நியூரான் நோயை விவரித்தார்கள். கை கால் மெலியும், முகமும் நாக்கும் பலவீனமாகும், பலருக்குக் காது கேட்காமல் போகும். ஆனால் நோயாளி பல பத்தாண்டுகள் வாழ்வார். உலக மருத்துவ நூல்களில் இன்றும் அதன் பெயர் மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். பெரும்பாலும் தென்னிந்தியர்களிடம் காணப்படுகிறது. அதேபோல் ஜப்பானின் ஹிராயாமா விவரித்த நோய்: பதின்வயது, இருபது வயதுப் பையன்களின் ஒரு கை மெலியும், சில ஆண்டுகளில் தானாகவே நின்றுவிடும். இந்தியாவில் அது அரிதல்ல. நிற்கும் தறுவாயில் அந்தப் பையனுக்கு யார் கஷாயம் கொடுத்தாலும் பெயர் அவருக்குத்தான் கிடைக்கும்.

எங்கள் நாட்டுக்கு இன்னொன்று முக்கியம். எச்ஐவி தொற்றுள்ளவர்களில் சிலருக்கு மோட்டார் நியூரான் நோய்போலவே தோன்றும் ஒரு நோய் வரலாம். எச்ஐவி மருந்தில் அது தேறிய சான்றுகள் உண்டு. நரம்புறையைத் தாக்கும் ஒருவகை நோயும் கைச்சதையை வற்றச் செய்யும், அது எதிர்ப்புரத ஊசியில் கேட்கும். கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதும் இப்படிக் காட்டும். இந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மோட்டார் நியூரான் நோய் என்று சொல்ல வேண்டும். உலகெங்கும் அதற்குச் சராசரியாக ஓராண்டு ஆகிறது. மூலிகைக்குப் போகும் முன் இரண்டாவது நரம்பியல் மருத்துவரிடம் போங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். உங்கள் வீட்டுப் பையனுக்கு வந்திருப்பது மெல்லப் போகும் வகையாகவோ தீர்க்கக்கூடியதாகவோ இருக்கலாம்.

எது கெடுதல் செய்யும்

மாமாவை அழைத்துக்கொண்டு போனோம். நானும்தான் போனேன். இந்தியாவில் ஒரு வைத்தியசாலையில் 21 நாள். அங்கே இருந்தவர்கள் அன்பானவர்கள். முதலில் நெய் குடிக்கக் கொடுத்தார்கள், நாளுக்கு நாள் அளவு ஏற்றி. மாமாவுக்கு அப்போதே விழுங்குவது தடுமாற ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வாய் நெய்க்கும் இருமினார். பிறகு பேதி. இடையே பத்தியக் கஞ்சி. தைலம் தேய்க்க மரப்பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். படுத்தவுடன் மூச்சு வாங்கியது. வாதம் இறங்குகிறது என்று விளக்கம் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். டர்பன் திரும்பியபோது 6 கிலோ குறைந்திருந்தார். அந்த 6 கிலோ பிறகு திரும்பி வரவில்லை.

அப்போது எனக்குத் தெரியாததைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நோயில் உடல் சும்மா இருக்கும்போதே வழக்கத்தைவிட அதிகம் எரிக்கிறது. எடை குறைவது ஆயுள் குறைவதோடு நேரடியாகத் தொடர்புடையது. மெலிந்துகொண்டிருக்கும் இந்த நோயாளிக்குப் பேதியும் பட்டினியும் விஷம். ஆயுர்வேதத்தின் சொந்தக் கணக்கிலும் தாது தேய்ந்து வந்த வாதத்துக்கு முதல் வழி ஊட்டம்தான். விழுங்கத் திணறுகிறவருக்கு நெய்யையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். மூக்கில் மருந்து விடும் நஸ்யத்திலும் அதே ஆபத்து. மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குவது, உதரவிதானம் தளர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அன்று யாராவது அதைப் படித்திருந்தால் அந்த வாரமே மூச்சுக் கருவிக்கு ஏற்பாடு செய்திருப்போம்.

அடுத்தது உலோகம். ரச மருந்துகளின் அடிப்படை பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைக்கும் கஜ்ஜலி. பக்கவாதத்துக்கும் வாத நோய்க்கும் கொடுக்கும் சில ரசங்களில் நாக பஸ்மமும் சேரும். நாகம் என்றால் இங்கே ஈயம். சரியாகச் சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும் என்பது மரபின் நம்பிக்கை. ஆனால் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளிலும் ஐந்தில் ஒன்றுக்கு அதே கதி. ஈயம் உடலில் ஏறினால் என்ன ஆகும்? இயக்க நரம்பு கெட்டு மணிக்கட்டு தொங்கும். பாதரச நஞ்சு மோட்டார் நியூரான் நோய்போலவே தோன்றியதாகப் பதிவுகள் உண்டு. தசை வற்றும் நோயாளிக்கு, தசையை வற்ற வைக்கும் உலோகத்தைத் தெரியாமல் ஊட்டுவதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. பெயரில் ரசம், பஸ்மம், சிந்தூரம் என்று இருந்தால் வேண்டாம். பெயரே இல்லாத கறுப்பு உருண்டை பொட்டலத்தில் வந்தால் அதுவும் வேண்டாம்.

மூன்றாவது கல்லீரல். இந்த நோய்க்கு நெடுநாளாக இருக்கும் ரிலுசோல் மாத்திரை கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியது. அதனால்தான் முதல் சில மாதங்களுக்கு மாதாமாதமும் பிறகு இடைவெளி விட்டும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அமுக்கராவாலும் சீந்திலாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. சீந்தில் பற்றியவை கொரோனா காலத்து மும்பையிலிருந்து வந்தவை. டென்மார்க் 2023இல் அமுக்கராவைத் தடையே செய்துவிட்டது. இரண்டையும் சேர்த்து விழுங்கி ரத்தப் பரிசோதனை கெட்டால், மருத்துவர் முதலில் நிறுத்துவது ரிலுசோலைத்தான். மூலிகை சாப்பிடுவதை மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பது நம் வீடுகளில் சகஜம். பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆயுளைக் கூட்டுபவை

ரிலுசோல் 1994இல் பரிசோதிக்கப்பட்டு 1995இல் அனுமதி பெற்றது. 50 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு. சராசரியாக இரண்டு மூன்று மாதம் ஆயுள் கூடுகிறது என்கிறார்கள். அது சிறிய பரிசு என்பதை மறைத்துப் பேச நான் தயாரில்லை. எஸ்ஓடி1 என்ற மரபணுக் கோளாறு உள்ள சுமார் 2 விழுக்காட்டினருக்கு 2023இல் டோஃபெர்சன் என்ற ஊசி மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இந்த நோய் இருந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது.

ஆனால் மாத்திரையைவிடப் பெரிய உதவி ஒரு முகமூடியிலிருந்து வருகிறது. பைபாப் என்ற மூச்சுக் கருவி. இரவில் முகத்தில் மாட்டிக்கொண்டால் அது காற்றைத் தள்ளித் தரும். 2006இல் இங்கிலாந்தில் வெளியான பரிசோதனையில், தொண்டைத் தசை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு இந்தக் கருவி சராசரியாக 205 நாள் கூட்டிக் கொடுத்தது. ஏறக்குறைய ஏழு மாதம். தூக்கமும் நன்றாக இருந்தது. காலையில் தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு, பகலில் உறக்கச் சோர்வு, தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் என்று வந்தால் மூச்சுச் சோதனை கேளுங்கள். வயிற்றில் உணவுக் குழாய் வைப்பதையும் தள்ளிப்போடக்கூடாது. நுரையீரலின் கொள்ளளவு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சிறிய அறுவையே ஆபத்தாகிவிடும். மூலிகையில் ஆறு மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போகிறவர்கள் இழப்பது பணத்தை மட்டும் அல்ல, இந்தக் கதவு திறந்திருக்கும் நாட்களை.

எங்கள் ஊரில் பைபாப் என்றால் உடனே அடுத்த கேள்வி மின்வெட்டு. 2023இல் ஒரு நாளில் பல முறை, சில மணி நேரம் கரண்ட் போன காலத்தில், கருவி இருந்தும் இருட்டில் மூச்சுக்கு ஏங்கிய குடும்பங்கள் உண்டு. பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கிய பிறகே அத்தை இரவில் தூங்கினார். இந்தியப் பயணத்துக்குச் செலவான பணத்தில் அவற்றை ஓராண்டு முன்பே வாங்கியிருக்கலாம்.

சட்டம் பற்றியும் கொஞ்சம். தென்னாப்பிரிக்காவில் ஆயுர்வேதம் அங்கீகரிக்கப்பட்ட தொழில். 1982ஆம் ஆண்டின் 63ஆம் எண் சட்டத்தின் கீழ் இயங்கும் துணை மருத்துவத் தொழில் மன்றத்தில் ஆயுர்வேத மருத்துவர்கள் பதிவு செய்ய வேண்டும். கோயில் மண்டபத்தில் இரண்டு நாள் தங்கி நாடி பார்த்துவிட்டுப் போகிறவரிடம் பதிவு எண் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கடை மருந்து டப்பாவில், பதிவு செய்யப்படாத இந்த மருந்தின் தரத்தையும் பாதுகாப்பையும் பயனையும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் மதிப்பிடவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். இந்தியாவிலும் பக்கவாதம் போன்ற நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போகிறோம்? 1860 நவம்பர் 16இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள். கரும்புத் தோட்டத்தில் காய்ச்சல் வந்தால் ஆயாவின் ஓமத் தண்ணீரும் மிளகுக் கஷாயமும்தான் பலருக்கு வைத்தியம். பக்கத்தில் ஜூலு மக்களுக்கு உமுத்தி என்ற அவர்களுடைய நாட்டு மருந்து. மொழி பேரப்பிள்ளைகளின் நாக்கிலிருந்து போய்விட்ட வீட்டிலும் மஞ்சளும் வேப்பிலையும் இருக்கின்றன. மருத்துவர் "இதற்கு மருந்து இல்லை" என்று சொல்லி எழுந்து போகும்போது, அந்தப் பழைய அலமாரியைத் திறக்காமல் யாரால் இருக்க முடியும்? செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோமே என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயத்தில் தவறே இல்லை. அதற்கு விலை நோயாளி கொடுக்கக்கூடாது என்பதுதான் என் வழக்கு.

தைலத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இறுகிய தசையை வெதுவெதுப்பான எண்ணெய் தேய்த்து நீவினால் பிடிப்பு தளரும், வலி குறையும், மூட்டு உறையாமல் இருக்கும். உலோகம் சேராத எண்ணெய், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, பேதி இல்லை, பட்டினி இல்லை, நரம்பியல் மருத்துவருக்குத் தெரிந்து. இந்த வரம்புக்குள் ஆயுர்வேதம் இந்த நோயாளிக்கு உண்மையாகவே நல்லது செய்யும். யாப்பியம் என்ற சொல்லுக்கு அந்த நூல்கள் கொடுத்த பொருளும் இதுதான்.

மாமாவின் கடைசி ஏழு மாதம் அப்படித்தான் போனது. மாலையில் அத்தை நல்லெண்ணெயை லேசாகச் சுடவைத்துக்கொண்டு வந்து, சாய்வு நாற்காலியில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து தேய்ப்பார். பேச்சு போயிருந்தது. இடது பாதத்தில் தேய்க்கும்போது மட்டும் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார், இன்னும் கொஞ்சம் என்று. எட்டு மணிக்கு முகமூடியை மாட்டிவிட்டு, பேட்டரியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு அத்தை விளக்கை அணைப்பார்.